திருத்தக் கொடுப்பவர் தேறுவார்

(புனேயை அடுத்த பிம்ப்ரியில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எழுத்தும் பேச்சும் ஒருவரை வாழ்க்கையிலும் வேலையிலும் எப்படி உயர்த்தும் என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இந்தத் தலைப்புக்குப் பிம்ப்ரியைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. 1954இல் இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் இங்கே தொடங்கப்பட்டது. பெனிசிலினை நம் நாட்டிலேயே தயாரிக்க வேண்டும் என்று எழுந்த பொதுத்துறை ஆலை அது. அதன் பிறகு டெல்கோ வாகன ஆலை வந்தது, ஆகுர்டியில் பஜாஜ் வந்தது, போசரியில் பட்டறைகள் பெருகின. இன்று சாக்கன் வரைக்கும் ஆலைகள், ஹிஞ்சவடியில் கணினி நிறுவனங்கள். வேலை தேடித் தமிழ்நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்து இங்கே குடியேறியவர்கள் நாம். கைத்தொழிலில் நம்மை யாரும் குறை சொன்னதில்லை.

ஆனால் நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் ஒரு புலம்பல் உண்டு. "வேலை முழுக்க நான் செய்தேன், பேரை இன்னொருத்தன் தட்டிக்கொண்டு போய்விட்டான்." இதில் நியாயம் இருக்கிறது. உழைத்தவனுக்குப் பெயர் கிடைக்காதது அநீதிதான். ஆனாலும் இன்னொரு பக்கத்தைப் பார்க்கச் சொல்லி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒருவர் தன் லைனில் ரிஜெக்‌ஷனைப் பாதியாகக் குறைத்துவிட்டார். எப்படிக் குறைத்தார் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி வைக்கவில்லை, மீட்டிங்கில் எழுந்து சொல்லவும் இல்லை. அவர் பத்து நாள் லீவில் ஊருக்குப் போகிறார். ரிஜெக்‌ஷன் பழையபடி ஏறிவிடுகிறது. பக்கத்து லைன்காரருக்கு அந்த வழி தெரியவே தெரியாது. அப்படியானால் அந்த வேலை முடிந்ததாகச் சொல்ல முடியுமா? பாதி முடிந்தது. மீதிப் பாதி, பிறருக்குப் புரியும்படி சொல்வது.

திருவள்ளுவர் இதை நன்றாக உணர்ந்தவர். சொல்வன்மை என்னும் அதிகாரத்தை அவர் வைத்திருக்கும் இடத்தைக் கவனியுங்கள். பொருட்பாலில், அமைச்சருக்கு வேண்டிய தகுதிகளைச் சொல்லும் பகுதியில், 65ஆம் அதிகாரமாக வருகிறது. அதைத் தொடர்ந்து 66 வினைத்தூய்மை, 67 வினைத்திட்பம், 68 வினைசெயல்வகை. சொல்லைப் பற்றிச் சொன்ன கையோடு செயலைப் பற்றிச் சொல்கிறார். அதே பகுதியின் முடிவில் 72 அவையறிதல், 73 அவையஞ்சாமை. நாட்டு நிர்வாகம் செய்கிறவனுக்குப் பேச்சு ஒரு வேலைத் தகுதி என்பதே அந்த வைப்புமுறை காட்டும் செய்தி.

இந்தத் தகுதியை எப்படி வளர்த்துக்கொள்வது? நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். எழுதுங்கள், எழுதியதை இன்னொருவரிடம் திருத்தக் கொடுங்கள், திருத்தியதை வைத்து மறுபடி எழுதுங்கள். பேச்சும் அந்த வழியில்தான் வரும். இதற்குச் சாட்சியாக வெளியூர் ஆட்களைத் தேட வேண்டியதில்லை. நம் புனே மாவட்டத்திலேயே இருக்கிறார்கள்.

மகாதேவ கோவிந்த ராணடே புனேயில் நீதிபதியாக இருந்தவர். கோடைக்காலத்தில் ஊர் மக்கள் கூடி அறிஞர்களின் பேச்சைக் கேட்க வேண்டும் என்று 1875இல் 'வசந்த வியாக்கியானமாலா' என்ற சொற்பொழிவுத் தொடரைத் தொடங்கி வைத்தார். மராத்தி எழுத்தாளர்களின் முதல் மாநாடு 1878இல் புனேயில் அவர் தலைமையில் நடந்தது. அந்த மாநாடுகளின் வரிசையில் 89ஆவது, 2016 ஜனவரியில் நம் பிம்ப்ரி-சிஞ்ச்வடில்தான் நடந்தது. நீங்களும் பந்தலைப் பார்த்திருப்பீர்கள்.

அந்த ராணடேயிடம் மாணவராகச் சேர்ந்தவர் கோபால கிருஷ்ண கோகலே. பெர்குசன் கல்லூரி ஆசிரியர். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குப் புத்தகம் எழுதியவர். ராணடே அவரை மேடையில் ஏற்றிப் பழக்கவில்லை. அரசாங்க அறிக்கைகளைப் படிக்க வைத்தார். வரவு செலவுக் கணக்குகளைப் பிரித்துப் பார்க்க வைத்தார். பூனா சார்வஜனிக் சபா என்ற அமைப்பின் காலாண்டு இதழுக்கு எழுத வைத்தார். மனு என்றாலும் கட்டுரை என்றாலும் ஒரு புள்ளி விவரம் தவறக் கூடாது, ஒரு வாக்கியம் தளரக் கூடாது என்று கண்டிப்பாகப் பார்த்தார். ஆண்டுக்கணக்கில் நடந்த பயிற்சி அது.

அதன் பலன் 1902 மார்ச்சில் தெரிந்தது. வைஸ்ராயின் சட்டசபையில் பட்ஜெட் மீது கோகலே பேசினார். அரசாங்கம் உபரி காட்டிப் பெருமைப்பட்ட நேரம். பஞ்சத்தில் ஜனங்கள் செத்துக்கொண்டிருக்கும்போது கஜானாவில் உபரி என்றால், தேவைக்கு மேல் வரி வசூலிக்கிறீர்கள் என்றுதான் அர்த்தம் என்று அவர்களுடைய கணக்கை வைத்தே நிறுவினார். உப்பு வரியைக் குறைக்கச் சொன்னார். அந்த வரி அப்போது மணங்குக்கு இரண்டரை ரூபாய். 1903இல் இரண்டு ரூபாய், 1905இல் ஒன்றரை, 1907இல் ஒரு ரூபாய் என்று இறங்கியது. ஒரே பேச்சால் குறைந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. அந்தக் கோரிக்கையை யாராலும் தட்டிக் கழிக்க முடியாதபடி வைத்தவர்களில் கோகலே முதன்மையானவர். அவர் குரலை உயர்த்திப் பேசுகிறவரும் இல்லை. எழுதிப் பழகிய தெளிவுதான் அவருடைய பலம்.

இனி நம் ஊர்க்காரருக்கு வருகிறேன். 1869இல் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் வலங்கைமானில் பிறந்த ஸ்ரீநிவாச சாஸ்திரியார். ஏழைக் குடும்பம். படித்து ஆசிரியரானார், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தார். கோகலே 1905இல் புனேயில் இந்திய ஊழியர் சங்கத்தைத் தொடங்கினார். 1907இல் சாஸ்திரியார் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு அதில் சேர்ந்தார். 1915இல் கோகலே காலமானதும் சங்கத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் இந்தத் தமிழர்தான். கும்பகோணத்தில் கற்ற ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு 'வெள்ளி நாவினர்' என்று ஆங்கிலேயரே புகழும் நிலைக்கு உயர்ந்தார். 1927இல் இந்திய அரசின் முதல் பிரதிநிதியாகத் தென்னாப்பிரிக்கா போனார். நம்மவர் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் படிப்புக்கு வழியில்லாத காலம். ஊர் ஊராகப் பேசி நிதி திரட்டி டர்பனில் ஒரு பள்ளி எழக் காரணமானார். சாஸ்திரி கல்லூரி என்றே அதற்குப் பெயர். பேச்சுத் திறமையால் ஒரு தலைமுறைக்குப் படிப்பு கிடைத்தது.

எழுத்து பேச்சைத் தாங்கும் இந்தக் கதையில் காந்தியடிகள் வரும் இடம் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. இளம் வக்கீலாகப் பம்பாய்க் கோர்ட்டில் எழுந்து நின்று, ஒரு கேள்வியும் கேட்க வராமல் உட்கார்ந்துவிட்டவர் அவர். 1896 செப்டம்பரில் தென்னாப்பிரிக்க இந்தியர் படும் பாட்டைச் சொல்லப் பம்பாயில் கூட்டம் ஏற்பாடாயிற்று. பம்பாய்த் தலைவர் பெரோஸ்ஷா மேத்தா அவரிடம், பேசப் போவதை முன்கூட்டியே எழுதி அச்சடித்துவிடுங்கள் என்றார். காந்தி எழுதினார். மேடையில் கை நடுங்கியது, குரல் எழும்பவில்லை. நண்பர் ஒருவர் வாங்கிப் படித்துப் பார்த்தார். பம்பாயின் இன்னொரு தலைவர் தின்ஷா வாச்சா படிக்கட்டும் என்று கூட்டம் கேட்டது. வாச்சா எழுந்து படித்தார். அரங்கம் முழுக்கக் கேட்டது, கைதட்டியது. பேசத் தெரியாதவரின் பேச்சு வென்றதற்குக் காரணம், அது நன்றாக எழுதப்பட்டிருந்தது. மேடைக் கூச்சத்தால் தவிக்கும் தம்பிமார்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிற்காலத்தில் காந்தியின் சுயசரிதையை அவருடைய செயலாளர் மகாதேவ் தேசாய் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். திருத்திய பதிப்புக்கு முன்னால், அதை வரிவரியாகப் பார்த்துத் தரும்படி ஆங்கிலப் புலமை மிக்க ஒரு பெரியவரிடம் கொடுத்தார்கள். தன் பெயரை வெளியிடக் கூடாது என்ற நிபந்தனையோடு அவர் திருத்திக் கொடுத்தார். அவர் சாஸ்திரியார் என்பது பிறகு தெரிந்தது. அரசியலில் இருவரும் எதிரெதிர் துருவம். ஒத்துழையாமை இயக்கத்தை வெளிப்படையாக எதிர்த்தவர் சாஸ்திரியார். இருந்தும் அந்தப் புத்தகத்தைத் திருத்தும் வேலை அவரிடமே போயிற்று. உலகமே தலைவணங்கிய மனிதரின் புத்தகத்துக்கே திருத்தம் தேவைப்பட்டது. நாம் எழுதும் ஒரு மின்னஞ்சலைப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் காட்ட ஏன் கூச வேண்டும்?

சரி, பெரியவர்கள் கதை போதும். நம் ஷிப்டுக்கு வருவோம்.

இரவு ஷிப்ட் முடிந்து காலை ஷிப்ட்காரருக்கு லாக் புக்கில் இப்படி ஒரு வரி எழுதியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: "மெஷின்ல சவுண்டு வருது, செக் பண்ணவும்." எந்த மெஷின்? எப்போதிருந்து? என்ன சத்தம்? காலையில் வருகிறவர் முதல் அரை மணி நேரத்தைத் துப்பறிவதிலேயே கழிப்பார். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"7ஆம் எண் லேத். இரவு 2.10 முதல், வேகம் 1,800ஐத் தாண்டினால் ஸ்பிண்டில் பக்கம் கீச்சென்று சத்தம். அதற்குக் கீழே சத்தம் இல்லை. கூலண்ட் பார்த்தேன், சரியாக உள்ளது. பேரிங் பார்க்கவில்லை. 1,500இல் ஓட்டியிருக்கிறேன். பேரிங் பார்த்த பிறகு வேகம் கூட்டவும்."

இதில் அலங்காரம் ஏதாவது இருக்கிறதா? ஒன்றும் இல்லை. பார்த்தது எது, பார்க்காதது எது, செய்தது எது, அடுத்தவர் செய்ய வேண்டியது எது என்று நான்கும் பிரிந்து நிற்கின்றன. 'பேரிங் பார்க்கவில்லை' என்று எழுதியிருக்கிறாரே, அதுதான் இந்தக் குறிப்பில் மிக மதிப்புள்ள வாக்கியம். எழுத்துக்கு வேண்டிய முதல் குணம் நேர்மை என்பதை அந்த இரண்டு சொற்கள் காட்டுகின்றன. இப்படி எழுதுகிறவரை அடுத்த சூப்பர்வைசர் பட்டியலில் சேர்க்காமல் இருக்க முடியாது.

ஷிப்ட் மாறும்போது செய்தி கைமாறாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு துயரமான சாட்சி உண்டு. 1988 ஜூலை 6 அன்று, ஸ்காட்லாந்துக்கு அப்பால் வட கடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற எண்ணெய் மேடை வெடித்து எரிந்தது. 167 பேர் மாண்டார்கள். பகல் ஷிப்டில் ஒரு பம்ப்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றி எடுத்துவிட்டு, குழாய் வாயைத் தற்காலிகமாக மூடி வைத்திருந்தார்கள். அந்தச் செய்தி இரவு ஷிப்ட்காரர்களிடம் போய்ச் சேரவில்லை. ஓடிக்கொண்டிருந்த இன்னொரு பம்ப் நின்றுபோகவே, இதை ஓட்டினார்கள். வாயு கசிந்தது. திறமையான தொழிலாளர்கள்தான் அங்கே இருந்தார்கள். ஒரு குறிப்பு உரியவர் கண்ணில் படாததுதான் அந்தப் பேரழிவின் தொடக்கம். மருந்துத் தொழிலில் இருக்கும் நண்பர்கள் இதை வேறு விதமாகச் சொல்வார்கள்: எழுதி வைக்காத வேலை செய்யாத வேலைதான். ஒவ்வொரு பேட்சுக்கும் பதிவேடு இருப்பது அதனால்தான்.

தரப் பிரிவில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வாடிக்கையாளர் கம்பெனி கேட்கும் எயிட்-டி (8D) என்னும் குறை தீர்க்கும் அறிக்கையில், மூல காரணம் என்ற கட்டத்தில் 'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அது காரணம் ஆகாது. ஏன் கவனம் தவறியது, தவறான பாகத்தையும் மாட்ட முடிகிற மாதிரி ஃபிக்ஸ்சர் ஏன் இருந்தது, அடுத்த நிலையத்தில் அது ஏன் பிடிபடவில்லை என்று கேட்டு எழுதிக்கொண்டே போனால்தான் உண்மை வெளியே வரும். எழுத உட்காரும்போதுதான் நமக்கு எது தெரியவில்லை என்பதே தெரிகிறது. எழுத்து, யோசிக்கும் முறையும் ஆகும்.

வீட்டில் இருக்கும் தாய்மார்களுக்கும் இது பொருந்தும். குடிநீர் பற்றி மாநகராட்சிக்கு எழுதினால், 'எங்கள் பகுதியில் பல நாளாகத் தண்ணீர் சரியாக வரவில்லை' என்று நிறுத்தாதீர்கள். எந்தத் தெரு, எந்தத் தேதியிலிருந்து, எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்கு நிற்கிறது, எத்தனை குடும்பங்கள், நீங்கள் கேட்பது என்ன என்று எழுதுங்கள். அந்தக் கடிதத்தை ஒதுக்கி வைப்பது கஷ்டம்.

எழுதியதைத் திருத்துவதற்கு அளவுகோல் வேண்டுமே? நம்மிடமே இருக்கிறது. சுமார் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே பவணந்தி முனிவர் நன்னூலில் ஒரு நூலுக்கு வரக்கூடாத குற்றங்கள் பத்து, இருக்க வேண்டிய அழகுகள் பத்து என்று வகுத்துக் கொடுத்துவிட்டார். குற்றங்களில் சிலவற்றை மட்டும் நம் அலுவலக எழுத்தோடு பொருத்திக் காட்டுகிறேன். தேவையான தகவலை விட்டுவிட்டு எழுதுவது குன்றக் கூறல். மீட்டிங் உண்டு என்று எழுதி நேரத்தைச் சொல்லாத மின்னஞ்சல் அந்த வகை. இரண்டு வரியில் முடிவதை இரண்டு பக்கம் எழுதுவது மிகைபடக் கூறல். மேலே ஒரு எண்ணும் கீழே வேறு எண்ணும் கொடுப்பது மாறுகொளக் கூறல். ஒன்றைக் கேட்டால் வேறொன்றை விரித்துக்கொண்டு போவது மற்றொன்று விரித்தல். நேர்முகத் தேர்வில் நம் பிள்ளைகள் பலர் தடுமாறுவது இங்கேதான். ஆரவாரமாகத் தொடங்கி, போகப் போக நைந்து, முடிவே இல்லாமல் நின்றுபோவது சென்று தேய்ந்து இறுதல். மேடைப் பேச்சில் இதை எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். 'நன்றாக இல்லை' என்று பொத்தாம் பொதுவாகச் சொன்னால் எழுதியவர் மனம் வாடுமே தவிர எழுத்து வளராது. 'இங்கே குன்றக் கூறல், தேதி விட்டுப் போயிற்று' என்று இடம் சுட்டிச் சொன்னால் அடுத்த நொடியே திருத்திவிடலாம்.

பேச்சுக்கு வருகிறேன். 1924இல் அமெரிக்காவில் கலிபோர்னியாவின் சாண்டா ஆனா என்ற ஊரில் ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார். இன்று உலகம் முழுக்க அதன் கிளப்புகள் இருக்கின்றன. அதன் முறையைப் பாருங்கள். ஐந்திலிருந்து ஏழு நிமிடத்துக்குள் தயாரித்த பேச்சு. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நேரம் காட்டுகிறார்கள். இழுவைச் சத்தங்களை எண்ண ஒருவர் இருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு பேச்சாளருக்கும் ஒரு மதிப்பீட்டாளர் உண்டு. அவர் எழுந்து இரண்டு மூன்று நிமிடத்தில், எது நன்றாக இருந்தது, எதை மாற்றலாம் என்று சொல்கிறார். ராணடே தன் மாணவருக்குச் செய்ததை நண்பர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்கிறார்கள்.

பயம் பற்றிக் கேட்பீர்கள். பயம் பெரும்பாலும் விஷயம் கையில் இல்லாததால் வருகிறது. பேசப் போவதை எழுதுங்கள், வாய்விட்டுப் படியுங்கள், மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள். பிறகு தாளை வைத்துவிட்டு மூன்று குறிப்புகளோடு மட்டும் பேசிப் பாருங்கள். முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தடுமாறினாலும் கரை சேர்ந்துவிடலாம்.

எந்த மொழியில் என்றும் கேட்பீர்கள். நமக்கு வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, கேன்டீனில் இந்தி, அலுவலகத்தில் ஆங்கிலம். நான்கிலும் அரைகுறை என்று பலர் வருந்துகிறார்கள். பக்கத்தில் இருக்கும் ஆளந்தியை நினைத்துப் பாருங்கள். அங்கே சமாதி கொண்ட ஞானேஸ்வரர், 1290இல் கீதையின் பொருளைப் பாமர மக்களும் அறிய வேண்டும் என்று மராத்தியில் விரித்தார். அவர் சொல்லச் சொல்ல சச்சிதானந்த பாபா எழுதினார் என்பது மரபு. கேட்பவர் யார் என்று பார்த்து மொழியைத் தேர்ந்தார். நாமும் அதைத்தான் செய்ய வேண்டும். விஷயத்தை முதலில் தமிழில் யோசித்துத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். தெளிந்த பிறகு சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களில் எழுதுங்கள். பக்கத்து மெஷின் தோழரிடம் மராத்தியில் பேசுங்கள். தவறினால் அவரே அன்போடு திருத்துவார். பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதக் கற்றுக் கொடுங்கள். ஒரு மொழியில் முழு வாக்கியம் எழுதத் தெரிந்த பிள்ளைக்கு மற்ற மொழிகள் சுலபமாக வரும்.

முடிவாக, செயலுக்கு உரிய ஒரு வேண்டுகோள். இந்த வாரம் உங்கள் வேலையில் நடந்த ஒன்றை அரைப் பக்கம் எழுதுங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து, 'எங்கே புரியவில்லை?' என்று மட்டும் கேளுங்கள். அவர் பதில் சொல்லும்போது நீங்கள் குறுக்கே விளக்கம் சொல்லாதீர்கள். விளக்கம் தாளில் இருந்திருக்க வேண்டும். மறுபடி எழுதுங்கள். திருத்துகிறவர்களுக்கும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். முதலில் உங்களுக்குப் புரிந்ததைச் சொல்லுங்கள். ஒரு தடவைக்கு இரண்டு குறைக்கு மேல் சுட்டாதீர்கள். நாலு பேர் முன்னால் யாரையும் கூனிக் குறுக வைக்காதீர்கள்.

மாதம் ஒரு ஞாயிறு, இதே அவையில், பத்துப் பேர் கூடினாலும் போதும். ஐந்து பேர் பேசட்டும், ஐந்து பேர் திருத்தட்டும்; அடுத்த மாதம் மாறிக்கொள்ளட்டும். பெண்கள் முதலில் பேசட்டும், ஏனென்றால் அவர்களுக்கு மேடை கிடைப்பது அரிது. ஓய்வு பெற்ற பெரியவர்கள் மதிப்பீட்டாளர்களாக அமரட்டும். அவர்கள் அனுபவத்துக்கு அதைவிட நல்ல வேலை இல்லை. ஒரு வருடம் விடாமல் நடத்துங்கள். பதவி உயர்வு நேர்காணலுக்குப் போகும் தம்பி தன் வேலையைத் தானே நிமிர்ந்து எடுத்துச் சொல்வான். அவன் எழுதி வைத்த முறை, அவன் ஊருக்குப் போன பிறகும் லைனில் வேலை செய்யும். யாரும் அவன் பெயரைத் தட்டிக்கொண்டு போக முடியாது.

முதல் கூட்டத்துக்குப் பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் முன்வரிசைக்கு வாருங்கள்.